காஜா எடுத்த தெரு: நியூயார்க்கில் ஐந்து நாள்

நாள் 1, புதன்

மகள் வீடு ஜெர்சி சிட்டியில். அவளும் மாப்பிள்ளையும் எட்டரைக்கெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான், நான் சோபாவில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வாரம் இப்படியே போனது. டைம்ஸ் சதுக்கம், உயரக் கட்டடம் எல்லாம் முதல் வாரமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டார்கள். "வேற என்னதாம்ப்பா பாக்கணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். தையல் வேலை நடந்த இடம் பார்க்கணும் கண்ணு என்றேன். சிரித்தாள். திருப்பூரில் முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான், எதிரே யார் வந்தாலும் முதலில் கை மடிப்பில் தையல் நேராக ஓடியிருக்கிறதா என்றுதான் கண் போகும். அமெரிக்காவின் ரெடிமேட் துணித் தொழிலில் பெரும்பங்கு மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்கு மூலையில், லோயர் ஈஸ்ட் சைடு என்கிற சில தெருக்களில், ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதர்கள் தைத்து வளர்த்தது என்று எப்போதோ படித்திருந்தேன். சரி, அதையே பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் எல்லிஸ் தீவு. ஜெர்சி சிட்டியிலிருந்தே படகு உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 1892 முதல் 1954 வரை 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் இந்தத் தீவு வழியாக உள்ளே போயிருக்கிறார்கள். ரஷ்யாவில் 1881இல் ஜார் மன்னரைக் கொன்ற பிறகு யூதர்கள் மேல் கலவரம் வெடித்தது, அடுத்த வருஷம் அவர்கள் எங்கே குடியிருக்கலாம் என்பதற்கே சட்டம் போட்டார்கள், பிழைப்பும் இல்லை. அப்போதிலிருந்து 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். 1924இல் சட்டம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூட்டை வைக்கும் கூடம் கீழே, பதிவுக் கூடம் மாடியில். படியேறும்போதே டாக்டர்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள் என்று. சந்தேகம் வந்தால் கோட்டில் சாக்பீஸால் ஓர் எழுத்து. இதயம் என்றால் ஒன்று, கண் என்றால் ஒன்று, நடையில் கோளாறு என்றால் ஒன்று. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன், என் முழங்காலுக்கு நிச்சயம் ஒரு எழுத்து விழுந்திருக்கும். கண் இமையைப் பூட்ஸ் பொத்தான் மாட்டுகிற கொக்கியால் திருப்பிப் பார்ப்பார்கள். முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது, கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். எந்த ஊரிலும் அப்படித்தானே.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிடித்தது என்றால் வயிறு எரிந்தது. "உனக்கு இங்கே வேலை தயாராக இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் ஒப்பந்தக் கூலியாக ஆள் பிடித்து வருவதைத் தடுக்கும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். இல்லை, வழியும் தெரியவில்லை என்றால் அரசாங்கத்துக்குப் பாரமாகிவிடுவாய் என்று திருப்பி அனுப்பலாம். உடம்பு நன்றாக இருக்கிறது, எந்த வேலையும் செய்வேன், சொந்தக்காரர் வெளியே காத்திருக்கிறார், இதுதான் சரியான பதில். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்த யூதர்கள் வீட்டில் பேசிய யிட்டிஷ் மொழியிலேயே சொல்லிக்கொடுக்க, ஹையாஸ் என்கிற யூத உதவிச் சங்கத்தின் ஆட்கள் தீவிலேயே இருந்தார்கள்.

அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று இங்கே குடும்பத்துக்குக் குடும்பம் கதை சொல்வார்கள். உண்மையில் கப்பல் ஏறிய துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துத்தான் இங்கே சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் அவர்களேதான், வேலை தேடும்போது.

நாள் 2, வியாழன்

ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் போகும் பாத் என்கிற ரயிலில் 14ஆம் தெரு, அங்கே எஃப் ரயில் மாறி டிலான்சி தெரு. ஒரு ரயிலை எதிர்த்திசையில் ஏறிவிட்டேன், அதை விடுங்கள்.

97, ஆர்ச்சர்டு தெரு. 1863இல் கட்டிய ஐந்து மாடி வாடகைக் கட்டடம். ஒரு தளத்துக்கு நாலு வீடு. ஒரு வீடு என்பது மூன்று அறை, மொத்தம் 325 சதுர அடி. 1935 வரைக்கும் இங்கே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 7,000 பேர் குடியிருந்திருக்கிறார்கள். அந்த வருஷம் தீப்பாதுகாப்புக்குச் செலவு செய்யச் சொன்னதும், அதற்குப் பதில் காலி பண்ணச் சொல்வதே லாபம் என்று வீட்டுக்காரர் மாடிகளைப் பூட்டிவிட்டார். கீழே கடை மட்டும் நடந்தது. மேலே ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்ததை 1988இல் இரண்டு பெண்கள் பார்த்து, இப்போது அது டெனமென்ட் மியூசியம். வழிகாட்டியோடுதான் மேலே போக முடியும். கல்லூரிப் பெண் மாதிரி ஒரு பிள்ளை, ஒரு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினாள்.

மரப்படி, கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. நடையில் வெளிச்சமே இல்லை. சுவரில் ஓரிடத்தில் ஒட்டுத்தாள் உரிந்து, அடுக்கு அடுக்காகப் பழைய பூப்போட்ட தாள்கள் தெரிகின்றன, குடிமாறும்போதெல்லாம் அழுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். கக்கூஸ் ரொம்ப காலம் கொல்லையில்தான், 1905இல்தான் தளத்துக்கு இரண்டு வந்தது. அதுவும் 1901இல் அரசாங்கம் சட்டம் போட்டதால்.

லெவின் குடும்பத்தின் வீட்டில் நான் நின்றுவிட்டேன். ஹாரிஸ் லெவின், மனைவி ஜென்னி, போலந்தில் பிளான்ஸ்க் என்கிற ஊர்க்காரர்கள். 1890களில் தெருப்பக்கத்து முன்னறைதான் அவருடைய தையல் கூடம், பெண்களுக்கான கவுன் தைத்தார்கள். ஜன்னல் ஓரம் மிஷின், ஏனென்றால் அங்கேதான் வெளிச்சம். ஒருவர் ஓட்டுத் தையல் போட, ஒருவர் மிஷின் ஓட்ட, ஒருவர் இஸ்திரி போட, கடைசியில் ஒரு பெண் கைவேலை முடிக்க. இஸ்திரிப் பெட்டி சமையலறை நிலக்கரி அடுப்பில்தான் காயும். அதே அடுப்பில் ஜென்னி சமைக்க வேண்டும், அதே அறையில் குழந்தை. ஜூலை மாசத்தை நினைத்துப் பாருங்கள். இரும்பு பத்து ராத்தல் இருக்கும்போல, அடியில் மட்டும் பளபளப்பு, மேலே கரி. எங்கள் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர்களுக்கு மட்டும் தனியாக மோர் வாங்கித் தருவோம், அவர்கள் பக்கத்து மின்விசிறியைத் தொட்டால் சண்டை வரும். இங்கே அந்த ஆள் நின்ற இடம் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில், நான் நின்றால் தோள் இரண்டு பக்கமும் இடிக்கும்.

வழிகாட்டிப் பிள்ளை வேலை முறையை விளக்கினாள். பெரிய முதலாளி துணியை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார், லெவின் மாதிரி காண்ட்ராக்டர்கள் தூக்கி வந்து தைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி, அடுத்த தெருக்காரர் ஒரு சென்ட் குறைத்துக் கேட்டால் ஆர்டர் அங்கே போய்விடும். என்னோடு வந்த அமெரிக்கக் கிழவர் "என்ன கொடுமை" என்று தலையை ஆட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு எங்களூரில் ஜாப் ஒர்க் என்று பெயர், போன வாரம்கூட என் பழைய கூட்டாளி போனில் ரேட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று புலம்பினான்.

ஆனால் ஒன்று. லெவின் முதலாளியா தொழிலாளியா? அவரும் அதே அறையில் அதே நேரம் வரைக்கும் குனிந்திருந்தார். அவரிடம் வேலை செய்தவர்களும் கப்பலில் இருந்து இறங்கிய அதே இனத்து ஆட்கள், ஆங்கிலம் தெரியாது, வெளியே போனால் யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை லீவு கிடைக்காது, இங்கே மொழியும் லீவும் கிடைக்கும். அந்த ஒரு வசதிக்காகவே குறைந்த கூலியைச் சகித்தவர்கள் நிறைய. அதை முதலாளிகளும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வேறொரு தளத்தில் ரோகர்ஷெவ்ஸ்கி குடும்பத்தின் வீடு. ஆபிரகாம் இஸ்திரி போடுகிறவர், 1918இல் காசநோயில் போய்விட்டார். தையற்காரர் நோய் என்றே அதற்கு அங்கே பெயர். மனைவி ஃபேனி வீட்டுக்காரரிடம் பேசி, கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையை வாடகைக்குப் பதிலாக வாங்கிக்கொண்டார். சாமர்த்தியசாலி.

நாள் 3, வெள்ளி

காலையில் முதலில் சாத்தம் சதுக்கம் பக்கத்துக் கல்லறைத் தோட்டம். 1654இல் பிரேசிலின் ரெசிஃபே ஊரிலிருந்து 23 யூதர்கள் இங்கே வந்து இறங்கினார்கள், போர்த்துக்கீசியர்கள் அந்த ஊரைப் பிடித்ததால் ஓடி வந்தவர்கள். அவர்கள் தொடங்கிய சபைக்கு 1683 வாக்கில் கிடைத்த இடம் இது. கேட் பூட்டியிருந்தது, கம்பி வழியாகத்தான் பார்த்தேன், நாலைந்து சாய்ந்த கல், பின்னால் சீனர்கள் காயப்போட்ட துணி. இந்த ஸ்பெயின், போர்த்துக்கல் யூதர்களின் உறவுமுறை ஆட்கள்தான் ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் பவள வியாபாரம் செய்தார்கள், பவழக்காரத் தெரு என்ற பெயர் அதனால்தான். அந்தத் தெருவில் எத்தனை தடவை பார்சல் போட நின்றிருக்கிறேன், பெயர் ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்புறம் எல்ட்ரிட்ஜ் தெரு ஜெபாலயம். சுற்றிலும் சீனக் கடைகள், காய்கறிக் கூடை, மீன் வாசனை, நடுவில் திடீரென்று வட்ட ஜன்னலும் வளைவுகளுமாக இப்படி ஒரு கட்டடம். 1887இல் திறந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் தங்களுக்கென்று இவ்வளவு பெரிதாகக் கட்டியது இதுதான் முதல். 325 சதுர அடியில் எட்டுப் பேர் படுக்கிறவர்கள் கூடி இத்தனை உயரத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். தூணைத் தட்டிப் பார்த்தேன், சலவைக்கல் இல்லை, மரம். சலவைக்கல் மாதிரி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அதற்காக எனக்கு மதிப்புக் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

தரையைப் பார்க்கச் சொன்னார் அங்கே இருந்த பெரியவர். பெஞ்சு வரிசைகளுக்கு முன்னால் பலகையில் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. ஜெபம் செய்யும்போது முன்னும் பின்னும் அசைந்து அசைந்து கால் தேய்த்த பள்ளம். ஆட்கள் போய்விட்டார்கள், நின்ற இடம் அப்படியே இருக்கிறது, என் காலை அதில் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.

1924க்குப் பிறகு புதிதாக ஆள் வரவில்லை, இருந்தவர்களும் கொஞ்சம் காசு சேர்ந்ததும் புரூக்ளின், பிராங்க்ஸ் என்று போய்விட்டார்கள். மிச்சமிருந்த சிலர் கீழ்த்தளத்தில் ஜெபம் செய்துகொள்ள, 1950களிலிருந்து பெரிய கூடம் பூட்டிக் கிடந்தது, புறா குடியிருந்தது. இருபது வருஷம் வேலை பார்த்து 2007இல்தான் மறுபடி திறந்தார்கள்.

இந்தச் சபையின் முதல் தலைவர் சென்டர் ஜார்முலோவ்ஸ்கி. அவர்தான் இந்த வட்டாரத்தின் பேங்க்காரர். கப்பல் டிக்கெட்டைத் தவணைக்கு விற்று, ஜனங்களின் சேமிப்பை வாங்கி வைத்து வளர்ந்தவர். கனால் தெருவும் ஆர்ச்சர்டு தெருவும் சந்திக்கிற மூலையில் 1912இல் பன்னிரண்டு மாடி பேங்க் கட்டினார், அதே வருஷம் இறந்தும் போனார். 1914இல் உலகப் போர் வந்தது. ஊரிலே மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எல்லாரும் ஒரே சமயத்தில் பணத்தை எடுக்க ஓடினார்கள், மகன்கள் நிலத்திலும் கட்டடத்திலும் போட்டு வைத்திருந்தார்கள், கையில் பணம் இல்லை, அரசாங்கம் பேங்கை மூடியது. ஏலச்சீட்டில் பணம் போட்ட யாருக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டடம் இப்போது சொகுசு ஓட்டல். வாசலில் நின்றேன், காவலாள் ரொம்ப மரியாதையாகக் கதவைத் திறந்தார், நான் வேண்டாங்க என்று நகர்ந்தேன்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் ஃபார்வர்டு பத்திரிகையின் பழைய கட்டடம், பத்து மாடி, 1912. 1897இல் தொடங்கிய யிட்டிஷ் நாளிதழ், ஆசிரியர் ஆபிரகாம் கஹான். 1906இலிருந்து வாசகர் கடிதப் பகுதி ஒன்று வந்தது. மகன் சனிக்கிழமை வேலைக்குப் போகிறான் என்ன செய்ய, காதலிப்பவள் வேற்று மதம் என்ன செய்ய என்று எழுதுவார்கள், பத்திரிகை பதில் சொல்லும். அதே பத்திரிகை பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஓடிப்போன கணவர்களின் படங்களையும் போடும், அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பத்திரிகையை நான் சந்தா கட்டி வாங்கியிருப்பேன்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஊர்ச்சங்கம் வைத்துக்கொள்வார்கள், லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் என்று பெயர். வாராவாரம் கொஞ்சம் காசு. படுத்துவிட்டால் உதவி, செத்தால் புதைக்க இடம். முதலில் வாங்குவதே கல்லறை நிலம்தான்.

நாள் 4, சனி

சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று நாளாக சப்பாத், அதாவது யூதர்களின் சனிக்கிழமை ஓய்வு என்று கேட்டுக்கேட்டு வந்தவன், சனிக்கிழமை காலையில் ஊறுகாய் வாங்குவேன் என்று கிராண்டு தெருவுக்குப் போய் நிற்கிறேன். ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே பீப்பாய் பீப்பாயாக உப்புத் தண்ணீரில் வெள்ளரி ஊறுமாம், வாசனை மட்டும் வெளியே நின்றது. மகளுக்குப் போன் செய்தால் "அப்பா, சனிக்கெழம கோஷர் கடை திறக்குமாப்பா?" என்று மாப்பிள்ளைக்கும் கேட்கிற மாதிரிச் சிரிக்கிறாள்.

தெருவில் கறுப்பு கோட்டு, தொப்பி போட்ட அப்பாவும் இரண்டு பையன்களும் ஜெபாலயத்துக்கு நடந்து போனார்கள். இந்தப் பக்கத்தில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. கறுப்புத் தொப்பிக்காரர்கள் கூட்டமாக இருப்பது புரூக்ளினில், வில்லியம்ஸ்பர்க்கிலும் பரோ பார்க்கிலும். அங்கே போக எனக்கு மனசு வரவில்லை, ஜனங்கள் குடியிருக்கிற தெருவில் போய் வேடிக்கை பார்ப்பது மாதிரி இருக்கும்.

ஹூஸ்டன் தெருவில் கட்ஸ் கடை திறந்திருந்தது, அது கோஷர் கடை, அதாவது யூத மத உணவு விதிப்படி நடக்கிற கடை இல்லை. 1888இல் இருந்து இருக்கிற இறைச்சிக் கடை. நுழையும்போதே கையில் ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள், சாப்பிட்டதை அதில் எழுதுவார்கள், தொலைத்தால் ஐம்பது டாலர் அபராதம் என்று போட்டிருக்கிறது. நான் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை, ஒரு சோடா மட்டும் குடித்துவிட்டு அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட் மாதிரிச் சட்டைப் பையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெட்டுகிற ஆள் பாஸ்ட்ராமி என்கிற மாட்டிறைச்சியை இயந்திரத்தில் போடாமல் கையாலேயே சீவுகிறார், ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். நல்ல கட்டிங் மாஸ்டர்.

அதே தெருவில் யோனா ஷிம்மல் கடை, 1910இல் இருந்து க்னிஷ் விற்கிறார்கள். உருளைக்கிழங்கை மசித்து மெல்லிய மாவில் சுற்றிச் சுட்டது, உள்ளங்கை நிறைய இருக்கும். மிளகாயும் பெருங்காயமும் இல்லாத போண்டா என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான். வயிறு நிறையச் செய்த பண்டம் அது, ருசிக்கு என்று செய்ததில்லை. மிஷினில் உட்கார்ந்திருக்கிறவன் மதியம் ஒன்று தின்றால் ராத்திரி வரை தாங்கும். கடுகு விழுது தடவிக்கொண்டு முழுசாகத் தின்றேன்.

நாள் 5, ஞாயிறு

இன்று கூப்பர் யூனியன் மண்டபம். 1909 நவம்பர் 22இல் இங்கே தையல் தொழிலாளர்கள் கூட்டம். தலைவர்கள் இரண்டு மணி நேரம் ஜாக்கிரதையாகப் பேசிக்கொண்டே இருக்க, கிளாரா லெம்லிச் என்கிற 23 வயசுத் தையல்காரி எழுந்து, பேச்சுப் போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று யிட்டிஷில் சொன்னாள். கூட்டம் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தது, வாக்குத் தவறினால் தூக்கிய இந்தக் கை வாடிப் போகட்டும் என்று. மறுநாளிலிருந்து இருபதாயிரம் பேர் வேலைக்குப் போகவில்லை, பெரும்பாலும் சின்னப் பெண்கள். பல கம்பெனிகள் இறங்கி வந்தன. டிரையாங்கிள் என்கிற ரவிக்கைக் கம்பெனி கூலியைக் கொஞ்சம் ஏற்றியது, சங்கத்தை மட்டும் ஏற்கவில்லை.

அந்தக் கம்பெனி அங்கிருந்து பத்து நிமிஷ நடை. வாஷிங்டன் பிளேஸ், கிரீன் தெரு மூலை. கட்டடம் அப்படியே இருக்கிறது, பல்கலைக்கழகம் வகுப்பு நடத்துகிறது. எட்டு, ஒன்பது, பத்தாம் மாடி. எண்ணிப் பார்த்தேன், கழுத்து வலித்தது. 1911 மார்ச் 25, அதுவும் சனிக்கிழமைதான். சாயங்காலம் நாலே முக்கால் வாக்கில், எட்டாம் மாடியில் கட்டிங் மேசைக்கு அடியில் வேஸ்ட் துணி சேர்த்து வைத்த பெட்டியில் நெருப்புப் பிடித்தது. பத்தாம் மாடிக்குப் போனில் சொல்லிவிட்டார்கள், முதலாளிகள் மொட்டை மாடி வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு பக்கத்துப் படிக் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. 146 பேர் செத்தார்கள், 123 பேர் பெண்கள், பெரும்பாலும் யூதர்களும் இத்தாலியர்களும்.

முதலாளிகள் பிளாங்க், ஹாரிஸ், இரண்டு பேருமே ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள், லெவின் மாதிரி கீழே இருந்து வந்தவர்கள். கதவைப் பூட்டியது எதற்கு என்றால், வேலை முடிந்து போகும்போது எல்லாரும் ஒரே வாசலில் வரணும், பையைச் சோதிக்கணும், ரவிக்கைத் துண்டு திருட்டுப் போகக் கூடாது. வழக்கில் விடுதலை. 1913இல் பிளாங்க் இன்னொரு தொழிற்சாலையில் மறுபடி கதவைப் பூட்டி மாட்டிக்கொண்டார், அபராதம் 20 டாலர்.

2023இல் வைத்த நினைவுச் சின்னம் கட்டடத்தின் மேலேயே ஓடுகிறது. தலைக்கு மேலே எஃகுப் பட்டையில் பெயர்களை ஊடுருவ வெட்டியிருக்கிறார்கள், கீழே இடுப்புயரத்தில் கறுப்புப் பலகை, பெயர்கள் அதில் பிரதிபலிக்கின்றன. குனிந்துதான் படிக்க வேண்டும். ரோசி, ரோஸ், சாரா, அன்னா என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு அம்மா கைக்குழந்தையோடு நின்று கொஞ்ச நேரம் படித்தார்.

நான் வேலை செய்த கம்பெனியில் பின்பக்கம் ஒரு ஷட்டர் உண்டு. ஷிப்டு முடிய அரை மணிக்கு முன்னால் அதைப் பூட்டிவிடுவோம், பீஸ் வெளியே போகிறது என்று முதலாளி சந்தேகப்பட்டார், எல்லாரும் முன்வாசல் வழியாக வந்து டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுப் போகணும். பதினோரு வருஷம் அதைப் பூட்டியது நான்தான். இருநூறு பேர், பாதிக்கு மேல் பெண்கள், காஜா எடுக்கிற இடத்துக்குப் பின்னாலேயே கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. சாவி எங்கே தொங்கும் என்பதுகூட நினைவிருக்கிறது, செக்கிங் மேசைக்குப் பின்னால், முருகர் காலண்டர் மாட்டிய அதே ஆணியில்.

மகள் போன் செய்தாள், எங்கே இருக்கீங்க, ஏன் சத்தமே இல்லை என்று. ரயில் ஏறப் போகிறேன் கண்ணு என்றேன்.